சபைக்குக் கிடைத்த விவசாயி

யுத்தத்தில் பர்மா அரிசி வருவது நின்றுபோன பிறகுதான், உண்ணும் பொருள்கள் மண்ணில் விளைகின்றன என்கிற செய்தி திருவனந்தபுரத்துப் பெரிய மனிதர்கள் சிலரை எட்டியது. அதுவரை அவை சாலைக் கம்போளச் சந்தையில் விளைவதாகவே அவர்கள் எண்ணியிருந்தார்கள். அங்கேயும் அவர்கள் போய்ப் பார்த்ததில்லை. வேலைக்காரர்கள்தான் போய் வந்தார்கள்.

ஞானசிகாமணிக்கு இந்தச் செய்தி ஏற்கெனவே தெரியும். தெற்கே, ராஜ்யத்தின் எல்லைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். வெள்ளாயணிக் காயல் கரையில் ஒரு தோட்டத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்து, மனைவி ரத்னாபாயோடு சேர்ந்து காய்கறி போட்டுக்கொண்டிருந்தார். வாரந்தோறும் ஒற்றை மாட்டு வண்டியில் கத்தரிக்காய், பயறு, வெள்ளரி, சேனை எல்லாம் ஏற்றிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு வந்து, ஓர் அக்கிரகாரத் தெருவின் பின்சந்தில் வண்டியை நிறுத்துவார். கொல்லைக் கதவுகள் திறக்கும். பெண்கள் காய் வாங்கிக்கொண்டு, தொழுவத்துச் சாணியையும் அடுப்புச் சாம்பலையும் காய்கறித் தோலையும் அதே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தோட்டம் மழையில் மூழ்கிய வருஷம், சொத்தைக் கத்தரிக்காயைக்கூட முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார்கள். காளை செத்துப்போனபோது, தெருக்கோடி வீட்டு நீலாம்பாள் வீடு வீடாகப் போய்ப் பேசி இன்னொரு காளைக்கு வழி செய்தாள். ரேஷனில் அரிசி குறைந்த வாரங்களில் ஞானசிகாமணி கூடுதலாகச் சேனையும் சேம்பும் இறக்கி வைத்துவிட்டு, "கெடக்கட்டும் அம்மா, பொறவு பாக்கலாம்" என்று போய்விடுவார். தெருவும் பட்டினி கிடக்கவில்லை, தோட்டமும் பட்டினி கிடக்கவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் இல்லை. தலைவர் இல்லை. ஒரு கூட்டம்கூட நடந்ததில்லை. இத்தனை குறைகளோடும் அது பல வருஷம் நடந்துவிட்டது.

அப்போதுதான் பஞ்சாபகேசன் நிலவரி இலாகாவின் பேஷ்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாசல்வரை வருவார். போவதற்கு இடம் இருக்காது. திரும்பி உள்ளே போய்த் தலைப்பாகையை அவிழ்ப்பார். அப்படித் திரும்பிய ஒருநாள், மாடியிலிருந்து பின்சந்தைப் பார்த்தார். சாணி ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கத்தரிக்காய் மறுபக்கமாக வந்துகொண்டிருந்தது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது.

அழகியநம்பிக்கு ஆள் போயிற்று. அழகியநம்பி அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவர். மேலதிகாரி ஓய்வு பெற்ற பிறகும், அவருக்குக் கீழே இருப்பதை நிறுத்த வழி தெரியாமல் இருந்தவர்.

"ஓய் நம்பி, பின்சந்துல என்ன நடக்கறது தெரியுமோ? பரஸ்பர சகாயம் நடக்கறது ஓய்! மேற்பார்வையே இல்லாம!"

"அநியாயம் ஸார்," என்றார் அழகியநம்பி. "நம்ம காலத்துல இப்படி ஒருத்தருக்கொருத்தர் வெறுதே சகாயம் பண்ண விட்டிருப்போமோ?"

அடுத்த வாரமே நகர வயல் பரஸ்பர சகாய மகாசபை பிறந்தது.

ஆரம்ப விழா ஒரு பள்ளிக்கூட ஹாலில். ஞானசிகாமணி அன்றைய காய்கறியோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாதாகோயிலுக்குப் போகும்போது போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியோடு வந்தார். வண்டி நின்றதும் அங்கத்தினர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பயறெல்லாம் தோரணம் ஆயிற்று. புடலங்காய்களைத் தூண்களில் கட்டினார்கள். பூசணிக்காய் குத்துவிளக்குக்குப் பீடமாயிற்று. மிச்சமிருந்த கத்தரிக்காயை மாலையாகக் கோத்துத் தலைவர் பஞ்சாபகேசன் கழுத்தில் போட்டார்கள். அந்தக் கனத்தில் தலைவர் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்தே பேசினார்.

"மகாஜனங்களே! முப்பது வருஷம் நான் நிலவரி வசூல் செய்தவன். விவசாயியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கிராமத்துக்குள் நுழையும்போதெல்லாம் அவன் ஓடிக்கொண்டிருப்பான். ஆகவே அவன் முதுகை இந்த ராஜ்யத்தில் என்னைப்போல் அறிந்தவர்கள் இல்லை. இன்றுதான் முகத்தைப் பார்க்கிறேன். முகமும் பரவாயில்லை." கைதட்டல் எழுந்தது. "இதுநாள்வரை விவசாயிக்கும் நமக்கும் நடுவே ஒன்றுமே இல்லாமல் இருந்தது. எவ்வளவு பெரிய குறை! அதை இன்றோடு தீர்த்துவிட்டோம். இனி நடுவே சபை இருக்கும்!"

ஹால் அதிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து நீலாம்பாள் எழுந்து, "காய் எப்போ குடுப்பேள்?" என்று கேட்டாள்.

"மாமி, இன்னிக்கு ஆரம்ப விழாவாக்கும்," என்றார் அழகியநம்பி. "காய் இதுல சேர்த்தியில்லே."

மறுவாரத்திலிருந்து வண்டி பின்சந்துக்குப் போகக்கூடாது என்றும் ஹாலுக்கே வரவேண்டும் என்றும் விதி வந்தது. அங்கே காய்கறியை முறைப்படி வரவேற்க வேண்டும். பிரார்த்தனைப் பாட்டு, தலைவர் உரை, காய்கறிக்கு நன்றி கூறும் தீர்மானம், தீர்மானத்துக்குத் திருத்தம், திருத்தத்துக்கு ஆட்சேபம். பிறகுதான் வினியோகம். முதலில் கீரை வாடியது. அடுத்ததாக நன்றி கூறியவரின் குரல் வாடியது. வெண்டைக்காய் முற்றிப்போனதை நீலாம்பாள் எடுத்துக்காட்டியபோது, அது கூட்டத்துக்கு வந்த பிறகு முற்றியதா, முற்றிய பிறகு கூட்டத்துக்கு வந்ததா என்று விசாரிக்க மூன்று பேர் நியமிக்கப்பட்டார்கள்.

சாணிக்கும் ஒரு கமிட்டி தேவைப்பட்டது. சாணிக் கமிட்டிக்கு யார் தலைமை தாங்குவது என்று கேட்டதும் ஹாலில் எல்லோரும் மேற்கூரையைப் பார்த்தார்கள். அழகியநம்பிதான் வழி கண்டார்; அதன் பெயரைக் கோமய உபசபை என்று மாற்றினார். உடனே அடிதடி. கடைசியில் ஒரு தலைவரும் ஐந்து உபதலைவர்களும் ஏற்பட்டார்கள். தெருவில் இரண்டு வீடுகளில் எருமை இருந்தது. எருமைச் சாணி கோமயம் ஆகுமா என்று முதல் கூட்டத்திலேயே பிரச்சினை எழுந்தது. முடிவு தெரியும்வரை எந்தச் சாணியும் தோட்டத்துக்குப் போகக்கூடாது, ஹால் வாசலிலேயே கிடக்கட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். மாடுகளுக்குத் தீர்மானம் தெரியாதல்லவா? அவை வழக்கம்போல் நடந்துகொண்டன. ஹால் வாசலில் சாணி நாளுக்கு நாள் உயர்ந்தது.

"சாமி, தோட்டத்துக்கு எரு இல்ல," என்றார் ஞானசிகாமணி. "எரு இல்லேன்னா காய் வராது பாத்தியளா."

"பொறுமையா இரும் ஓய்," என்றார் பஞ்சாபகேசன். "நாங்களே தோட்டத்துக்கு வரப் போறோம். கைங்கர்ய தினம்! நூறு கைகள் உம்ம தோட்டத்துல களை எடுக்கப் போறது."

ஞானசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய் ரத்னாபாயிடம் சொன்னார். பெரிய மனிதர்கள் கையில் தொட்டாற்சுருங்கி முள் குத்திவிடக்கூடாதே என்று அவள் கவலைப்பட்டாள். அவர்கள் வருவதற்கு முன்பே தோட்டம் முழுவதும் தானே உட்கார்ந்து உட்கார்ந்து களை எடுத்துவிட்டாள். கண்ணில் படாத ஓரிரு செடிகள்தான் மிஞ்சின. நட்டு வேர் பிடித்த கத்தரி நாற்று, பாத்தி பாத்தியாகத் தளதளவென்று நின்றது.

கைங்கர்ய தினத்தன்று அங்கத்தினர்கள் கரிவாயு பஸ்ஸில் புறப்பட்டார்கள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் கரியடுப்பு பொருத்தியிருந்தது. சமதரையில் ஓடும், மேட்டைக் கண்டால் நின்றுவிடும். நேமத்துக்கு அப்பால் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. வழிகாட்ட வந்த ஞானசிகாமணியைப் பஸ்ஸைத் தள்ளச் சொல்லிவிட்டு அங்கத்தினர்கள் நடந்தே தோட்டத்துக்குப் போனார்கள். ரத்னாபாய் குடிசைக்குள்ளே அவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் பஞ்சாபகேசன் திணறவில்லை.

"கவனியுங்கள்," என்றார். "பயிர் என்பது அருமையானது, எங்கேயோ ஒன்றிரண்டுதான் இருக்கும். களை என்பது ஏராளமாக இருக்கும். முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். எது ஏராளமாக இருக்கிறதோ அதைப் பிடுங்குங்கள்!"

பிடுங்கினார்கள். வக்கீல்களும் வாத்தியார்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யுத்தமே தங்கள் கையில் இருப்பதுபோல் பிடுங்கினார்கள். அங்கங்கே தப்பி நின்ற தொட்டாற்சுருங்கிகளுக்குச் சுற்றிலும் மண் அணைத்து, காயலிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்கள். ஒருவர் அதற்கு வெயில் படாமல் குடை பிடித்தார்.

ஞானசிகாமணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது தோட்டம் வழித்துவிட்டாற்போல் இருந்தது.

"சாமி... அது கத்தரியாக்கும்."

"எது?"

"நீங்க கையில வச்சிருக்கியது."

பஞ்சாபகேசன் கையிலிருந்த நாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படின்னா இதுல கத்தரிக்காய் எங்கே?" என்று கேட்டார்.

அழகியநம்பி ஞானசிகாமணியின் தோளைத் தொடாமல் தட்டிக் கொடுத்தார். "சாரமில்லே ஓய், போகட்டும். மத்தச் செடியெல்லாம் நன்னாத் தண்ணி விட்டாச்சு. ரெண்டே நாள்ல எப்படி வரது பாரும்."

ரத்னாபாய் காப்பிப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கத்தினர்கள் தாங்களே காப்பியை ஊற்றிக் குடித்துவிட்டுப் பஸ்ஸை நோக்கி நடந்தார்கள்.

அன்று மாலை தோட்டத்துச் சொந்தக்காரர் வந்தார். வெறும் தரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழை முடியும்போதும் நிலம் இப்படியே கிடந்தால் பாட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ரத்னாபாய் தோட்டத்து மூலைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மூலையில வெள்ளரியும் சேனையும் மட்டும் கெடக்கு," என்றாள். "அது வரைக்கும் அவுக நடந்து வரல்ல, கர்த்தர் காத்தார். இனியாவது ஒங்களுக்க சபைக்குப் போவாதிருங்க."

ஆனால் போகாமல் இருக்க முடியவில்லை. மாண்டுபோன கத்தரி நாற்றுகளுக்காக மகாசபை எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்தது. பிறகு தலைவர் பேசினார்: "இந்த நஷ்டத்தைப் பாருங்கள். சபை இல்லாதிருந்தால் இதைத் தாங்க இந்த ஏழைக்கு யார் இருந்திருப்பார்கள்?" நஷ்டத்துக்கு ஈடாக ஞானசிகாமணிக்கு உதாரண விவசாயி என்ற பட்டம் கொடுத்தார்கள். உதாரண விவசாயி ஒவ்வொரு கூட்டத்திலும் மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். விவசாயி இல்லாமல் கூட்டம் நடத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கூட்டமோ ஒருநாள்விட்டு ஒருநாள். தோட்டத்தில் ரத்னாபாய் ஒற்றை ஆளாக மண்ணைக் கொத்திக்கொண்டிருக்க, ஞானசிகாமணி ரோஜாமாலையோடு நாற்காலியில் உட்கார்ந்து விவசாயத்தின் மேன்மையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விரைவில் அதிலும் ஒரு குறை கண்டார்கள். மேடையில் விவசாயி யார் என்று தெரியவில்லை என்று பின்வரிசையில் புகார். வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார், குனிந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப்போல் இருக்கிறார். சட்டையைக் கழற்றி முண்டாசு கட்டச் சொன்னார்கள். தோளில் கலப்பை வேண்டும் என்றார்கள்.

"நம்ம தோட்டத்துல மம்பட்டியாக்கும் சாமி. கலப்பை கெடையாது."

"கலப்பை இல்லாத விவசாயியா?" பஞ்சாபகேசன் திடுக்கிட்டார். தாங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறோமோ என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது.

கலப்பையைத் தேடி அழகியநம்பி ஊரெல்லாம் அலைந்தார். தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் அது கிடைத்தது. ஊர் திரும்ப வழியில்லாமல் கலைந்துபோன நாடகக் கம்பெனியின் நடிகர் சூடாமணி அங்கே தங்கியிருந்தார். ஏதோ ஒரு ராஜா நிலம் உழுகிற சீனுக்காகச் செய்த அட்டைக் கலப்பை அவரிடம் இருந்தது. தங்கக் காகிதம் ஒட்டியது. அதை ஞானசிகாமணி தலைகீழாகப் பிடித்தார். சபையோருக்கு வருத்தம்.

அடுத்த கூட்டத்துக்கு ஞானசிகாமணிக்குக் காய்ச்சல். அழகியநம்பி சூடாமணியையே அழைத்து வந்துவிட்டார். சூடாமணி முண்டாசு கட்டி, மார்பில் சந்தனத்தைக் குழைத்துச் சேறாகப் பூசிக்கொண்டு, கலப்பையைத் தோளில் தாங்கி மேடைக்கு வந்தார். வானத்தைப் பார்த்தார். மழை இல்லை. நெற்றி வேர்வையை ஒரு விரலால் வழித்துச் சுண்டினார். பிறகு மோகன ராகத்தில் தன் வறுமையைச் சொன்னார். வக்கீல்கள் விம்மினார்கள். பஞ்சாபகேசன் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டு, "இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தாய், விவசாயியே!" என்று கதறினார்.

காய்ச்சல் தெளிந்து, மூலையில் பிழைத்த வெள்ளரியையும் சேனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஞானசிகாமணி ஹாலுக்கு வந்தபோது வாசலில் அழகியநம்பி தடுத்தார்.

"விவசாயி மேடைக்கு வந்தாச்சே."

"அப்போ நான் ஆரு சாமி?"

அழகியநம்பி யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல; சரியான பதில் சொல்லவே ஆசைப்பட்டார். "நீர்... பொதுஜனம். ஓரமா நில்லும்."

"காய் கொண்டு வந்திருக்கேன்."

"காயும் வந்தாச்சு ஓய். எல்லாம் மண்ணு காய். கொலுவுக்குப் பண்றவன் செஞ்சு குடுத்தது. வர்ணம் என்ன, மினுமினுப்பு என்ன! எத்தனை நேரம் பேசினாலும் வாடல்லே."

ஞானசிகாமணி ஹால் வாசலில் சாணிக் குவியலின் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு வெயிலில் நின்றார். சந்தோஷப்படுவதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் செய்துவந்த தொழில் தன்னுடையதுதானா என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். காய்ப்பு அப்படியேதான் இருந்தது.

உள்ளே மோகன ராகம் ஆரம்பமானதும் நீலாம்பாள் வெளியே வந்துவிட்டாள்.

"ஏம்ப்பா ஞானம், வெறுதே வெயில்ல நிக்கறே? பின்சந்துக்கு வா. ஆத்துல நாலு நாளா ரசம்தான், கேட்டோ."

"சபை விதி உண்டே அம்மா?"

"விதியா? அவாளுக்கு விவசாயி கெடைச்சாச்சு, காய் கெடைச்சாச்சு. இனி நம்மளை யார் தேடப் போறா? வண்டியைத் திருப்பு."

அவர் காளையைத் திருப்பும்போது அழகியநம்பி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். மறுநாள் ஒரு பெரிய அதிகாரி சபையைப் பார்வையிட வருகிறாராம். சற்று முன்புதான் தலைவர் முதல்முறையாக வாசலை முகர்ந்திருக்கிறார். கோமய உபசபையைக் கூப்பிட்டால் ஐந்து உபதலைவர்களும் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேடை விவசாயியைக் கேட்டால், சாணி தொடுவது தம் ஒப்பந்தத்தில் இல்லை என்கிறார்.

"ஐயா, வண்டிக்காரரே! உமக்குப் புண்ணியமாப் போறது. இதை எங்கேயாவது கொண்டு போம்!"

"எருமைச் சாணிக்குத் தீர்மானம் ஆயாச்சா சாமி?" என்று ஞானசிகாமணி பயந்துகொண்டே கேட்டார்.

"அதெல்லாம் ஒத்தி வச்சாச்சு! நீர் எடும்!"

பின்சந்தில் காயை இறக்கியபின், பொழுது சாயும்வரை வண்டி வெள்ளாயணிக்கும் கோட்டைக்குமாகப் போய் வந்தது. கூட்டங்கள் நடந்த மாதங்களில் சாணி நன்றாக மக்கிக் கறுத்துத் தூள் தூளாகியிருந்தது. ரத்னாபாய் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். "பேசிப் பேசியே மக்க வச்சிருக்காவ," என்று சொல்லிச் சிரித்தாள். கத்தரி நாற்று போனதிலிருந்து அவள் சிரித்து அவர் கேட்டதில்லை.

நாற்றுக்கும் வழி பிறந்தது. முன்பெல்லாம் தெருப் பெண்கள் கொல்லையில் எறிந்த சொத்தைக் கத்தரிக்காய் விதையெல்லாம் கிணற்றடியில் முளைத்துக் கிடந்தது. நீலாம்பாள் கொல்லை கொல்லையாகப் புகுந்து அதைப் பிடுங்கச் செய்தாள். இந்தத் தடவை பெண்கள் வேர் அறாமல் பிடுங்கினார்கள்; வாழைப்பட்டையில் ஈரமாகச் சுற்றி வண்டியில் வைத்தார்கள். கர்க்கடக மழை விட்டபோது சொந்தக்காரர் வந்து பார்த்தார். கத்தரி பூத்திருந்தது. இரண்டு வெள்ளரிக்காயைப் பறித்துக்கொண்டு போய்விட்டார். பாட்டம் பிழைத்தது.

மகாசபையும் செழித்தது. ஆண்டுவிழாவில் பஞ்சாபகேசன் பெருமிதத்தோடு அறிவித்தார்: "மழை, வெயில், பூச்சி, எதுவும் நம்மை அசைக்க முடியவில்லை. நம் காய்கள் வாடுவதில்லை. நம் விவசாயிக்குக் களைப்பு வருவதில்லை. மண்ணை நம்பாத விவசாயத்தை உலகத்துக்கு நாம்தான் காட்டியிருக்கிறோம்!" கைதட்டல் முடிந்தது. விருந்து என்று ஒன்றும் இல்லை. மண் கத்தரிக்காயைச் சமைக்க முடியாது என்பதைப் பரிசாரகர் சொன்ன பிறகுதான் அமைப்பாளர்கள் கவனித்தார்கள்.

பஞ்சாபகேசன் கொலைப்பசியோடு வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரையில் சத்தம் இல்லை. வீட்டுக்காரியைத் தேடிக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து, வாழ்நாளில் முதல்முறையாகப் பின்சந்தில் காலை வைத்தார். எதிரே ஒரு வண்டி. சுற்றிலும் தெருப் பெண்கள். அவர்கள் நடுவே, முறத்தோடு, அவருடைய மனைவி. அவள் அவரைப் பார்த்ததும் முறத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, விடுவிடென்று உள்ளே போய்விட்டாள்.

பஞ்சாபகேசன் வண்டிக்காரரை உற்றுப் பார்த்தார். "உம்மை எங்கேயோ பார்த்திருக்கேனே. என்ன ஜோலி உமக்கு?"

"காய் கொண்டு வருவேன் சாமி. சாணி கொண்டு போவேன்."

"அடடே! அப்படின்னா நீர் எங்க சபைக்கு ஒருதரம் வரணுமே. அங்கே ஒருத்தர் விவசாயின்னா எப்படி இருப்பான்னு தத்ரூபமாக் காட்டறார். பாத்தா உமக்கும் நாலு விஷயம் புரியும்."

"தோட்டத்துல ஜோலி உண்டு சாமி," என்றார் ஞானசிகாமணி. நல்லதாக ஒரு சேனைக்கிழங்கை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார். "பசியா இருக்கியது போல இருக்கு. கொண்டு போங்க."

பஞ்சாபகேசன் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். கிழங்கை அங்கவஸ்திரத்துக்குள் சுருட்டிக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நீலாம்பாள் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அவாத்துத் தொழுவத்துலயும் ஒரு பசு நிக்கறது ஞானம். அடுத்த வாரம் சாணி கேளு."